லூணியாவில் நிற்கும் ரயில்

1

கொடுத்த வாக்குத் தவறியதில் பிறந்தது இந்தக் கதை. குஜராத்தின் கத்தியவாரில், நாகவதர் சமஸ்தானம் ஓட்டிய குட்டி ரயிலின் வரலாற்றை எழுதித் தருவதாக ஒரு பத்திரிகைக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். இரண்டரை அடித் தண்டவாளம், முப்பது மைல், ஏழு நிலையங்கள், மகாராணாவுக்குத் திண்டு போட்ட தனிப்பெட்டி என்று எல்லாம் எழுதினேன். கடைசி நிலையமான லூணியாவில் பேனா நின்றுவிட்டது. அதற்கப்பால் வெறும் உப்புவெளி. தன் மண்ணில் அடுத்தவன் தண்டவாளம் படக்கூடாது என்றுவிட்டார் பக்கத்துச் சமஸ்தானத்தை ஆண்ட தாக்கோர். பயணிகள் இறங்கி, இரண்டு மைல் உப்பில் நடந்து, அவருடைய ரயிலில் ஏறிக்கொள்வார்கள்.

அந்த இடத்தில் யாராவது யாருக்காவது காத்திருந்திருப்பார்கள் என்று தோன்றியது. வரலாறு அத்தோடு போயிற்று.

2

லூணியாவின் ஸ்டேஷன் மாஸ்டர் லாபசங்கர் தவே, கடிகாரத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்கும்…

(வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் அவரை யாருக்கும் பிடிக்காது.)

லாபசங்கருக்கு ஹீரு என்று நாலு வயதில் ஒரு மகள். ஒரு நாள் காய்ச்சலில் அவளுக்குக் கண் செருகியது. மருத்துவமனை தலைநகரில்தான். மனைவி மணிகௌரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு ஓடி வந்தாள். அன்று தனிப்பெட்டியில் மகாராணா இருந்தார்.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க!"

லாபசங்கருக்குக் கேட்டது. மணி பத்து நாற்பது, வண்டி புறப்படும் நேரம். பச்சைக்கொடியை ஆட்டிவிட்டார். அடுத்த ரயில் மறுநாள்.

முதல் பிரதியில் ஹீரு இறந்துபோனாள். அடித்துவிட்டேன். இரண்டாவதில் பிழைத்தாள், காது மட்டும் கேட்கவில்லை. இன்னும் குறைத்துப் பார்த்தேன். குறைத்தால் மணிகௌரி வீட்டைவிட்டுப் போகமாட்டேன் என்றாள்.

போனாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, உப்புவெளிக்கு அந்தப் பக்கம், அண்ணன் வீட்டுக்கு.

"திரும்பி வருவியா?"

"வந்தா நடந்துதான் வருவேன். உங்க வண்டி நேரத்துக்கெல்லாம் வர மாட்டேன்."

3

அதன்பிறகு லூணியாவிலிருந்து ரயில் நேரத்துக்குப் புறப்பட்டதே இல்லை. அவள் வரும்போது ரயில் நின்றுகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

வெயில் ஏறினால் அந்த வெளி நீர்போல அசையும். ஒட்டகங்கள் தலைகீழாக வரும். மனிதர்கள் கால் பாவாமல் மிதந்து, இரண்டாகப் பிரிந்து, கிட்டே வரும்போது ஒருவராகிவிடுவார்கள். பெட்டிகளில் பயணிகள் சொக்கிப்போய்ச் சாய்ந்திருப்பார்கள்.

"தவேபாய், அண்ணி இன்னிக்கும் வரல போல. கெளம்பலாமா?" என்பார் டிரைவர் ஹாசம் சுமரா.

"அஞ்சே நிமிஷம், ஹாசம்பாய்."

"உங்க அஞ்சு நிமிஷத்துல எனக்குத் தாடியே நரைச்சுப்போச்சு!"

(மகாராணா கேட்கமாட்டாரா என்பீர்கள். அவர் அப்போது சீமையில் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

4

சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. புது இன்ஸ்பெக்டர் வந்து மேடையில் நின்றார்.

"இனிமே பத்து நாப்பதுன்னா பத்து நாப்பதுதான், மாஸ்டர். தாமதமானா வேலை போயிடும்."

பத்து முப்பத்தொன்பதுக்கு வெளியின் விளிம்பில் ஒரு புள்ளி அசைந்தது. ஒருவரா இருவரா தெரியவில்லை.

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் கொடியை ஆட்டுகிறார். இன்னொன்றில் இன்ஸ்பெக்டரின் காலில் விழு… மூன்றாவதுதான் நின்றது.

லாபசங்கர் கொடியை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். "நீங்களே ஆட்டுங்க. நான் அன்னிக்கு ஒருதடவை நேரத்துக்கு ஆட்டினதே போதும்."

தொப்பியைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். தண்ணீர்க் கூஜாவை எடுத்துக்கொண்டு உப்பில் இறங்கினார்.

"யாருன்னே தெரியாம போறீங்களே!" என்று கத்தினார் ஹாசம்.

"யாரா இருந்தா என்ன? வெயில்ல வர்றாங்கல்ல."

இன்ஸ்பெக்டர் கொடியை ஆட்டினார். ரயில் அசையவில்லை.

"கொடியெல்லாம் சரிதான் சாகேப்," என்றார் ஹாசம். "இன்ஜினுக்குத்தான் இன்னும் மனசு வரல."

5

லாபசங்கர் இப்போது பாதி தூரத்தில் இருக்கிறார். எதிரே வருவது உப்புக்காரனா, ஒட்டகக்காரனா, அவளா? அந்த முகத்தை எழுதக் கை வரவில்லை. ஒரு குழந்தையின் காதைப் பறித்தவன் நான். இதையும் நானே தீர்மானிப்பது நியாயமில்லை. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். இன்ஜினில் தண்ணீர் கால் தொட்டிதான் இருக்கிறது.