மூன்றாவது பொடியின் நிறம்

மார்ச் 14, வியாழன்.
இன்றைய பிழை: மூன்று பொடிகளின் நிறத்தையும் வகுப்பிலேயே எழுத மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதுகிறேன். ஒன்றும் இரண்டும் வெளிர் மஞ்சள். மூன்று, அடர்ந்த ஆரஞ்சு. நினைவு தவறாகவும் இருக்கலாம்.

இப்படித் தன்மேல் தானே புகார் எழுதி வைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. பகலில் மருந்துக்கடை வேலை, மாலையில் வேதியியல் பகுப்பாய்வு வகுப்பு, இரண்டுக்கும் நடுவே நோட்டு. அவள் தங்கிப் படிக்கும் மாமா வீட்டில் அத்தை அவளுக்கு வைத்திருந்த பெயரே 'நோட்டுக்காரி'தான்.

மாமாவுக்கு ஆரஞ்சுத் தோட்டம். மூன்று ரகம். வீட்டில் அவற்றைத் தடித்தோல், சின்னது, தொளதொளப்பு என்றே சொல்வார்கள். செரிமான மருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்று காய்ந்த தோலை மொத்தமாக எடுத்துக்கொள்ள முன்வந்திருந்தது. தோலில் ஹெஸ்பெரிடின் என்ற பொருள் அதிகமுள்ள ரகமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அதைக் கண்டுபிடிப்பதையே அவள் வகுப்பின் செய்முறைப் பாடமாக எடுத்துக்கொண்டாள். அத்தை உரித்துக் காயவைத்துக் கொடுத்த தோலை அரைத்து, சலித்து, கரைத்து, வடிகட்டி, வகுப்பிலிருந்த பகுப்பாய்வு இயந்திரத்தில் செலுத்தினாள். அது தாளில் மேடு மேடாகக் கோடு வரைந்தது; பொருள் எவ்வளவு அதிகமோ, மேடு அவ்வளவு உயரம். தடித்தோலுக்கும் சின்னதுக்கும் உயரமான மேடுகள். தொளதொளப்புக்கு அதில் பாதிகூட இல்லை. நம்பாமல் மூன்று முறை செலுத்தினாள். மூன்று முறையும் அதே குட்டி மேடு.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அதைச் சொன்னாள். "ஆனா மாமா, இது ஒரு தடவை காயவச்ச தோலை வச்சுதான் பண்ணியிருக்கேன்..." என்று இழுப்பதற்குள் மாமா முடிவே கட்டிவிட்டார்.

"அப்போ அந்தத் தொளதொளப்பு மரம் பதினொண்ணையும் எடுத்துட்டுத் தடித்தோல் வச்சிர வேண்டியதுதான். சனிக்கிழமை மரம் வெட்டுறவரை வரச் சொல்லிடறேன்."

அத்தை தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அத்தை சமையலறை மேடையில் அடுத்த வார வகுப்புக்கான தோலை உரித்துக்கொண்டிருந்தாள். தடித்தோலை நாலாகக் கீறி அப்படியே தட்டில் வைத்தாள். சின்னதையும் அப்படியே. தொளதொளப்பை உரித்ததும் கரண்டியை எடுத்தாள். தோலை உள்ளங்கையில் விரித்து, உட்புற வெள்ளையைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். வெள்ளை, பஞ்சுபோல ஒரு பக்கம் குவிந்தது. தோல் கண்ணாடித்தாள் மாதிரி மெலிந்து ஆரஞ்சு நிறத்தில் பளபளத்தது.

அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அத்தை, அது ஏன் சுரண்டுறீங்க?"

"இதுல மட்டும் நூல் நூலாத் தொங்குதும்மா, பாக்கவே சகிக்கல. மத்ததுல ஒட்டிக்கிட்டு இருக்கு, தெரியாது. நீ படிச்சவங்க முன்னாடி கொண்டுபோய் வைக்கிறது. லட்சணமா இருக்க வேணாமா?"

"போன தடவையும் சுரண்டினீங்களா?"

"பின்ன? ரெண்டு மணி நேரம் உக்காந்து சுரண்டினேன். கை விட்டுப்போச்சு."

ஹெஸ்பெரிடின் பெரும்பாலும் அந்த வெள்ளையில்தான் இருக்கும். பாடப்புத்தகத்தில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறாள், அதுவும் ஸ்கேல் வைத்து. இயந்திரம் பொய் சொல்லவில்லை. கொடுத்ததை அளந்து சொன்னது. ஆரஞ்சு நிறப் பொடியைப் பார்த்தும் ஏன் என்று கேட்காதவள் அவள்தான். இப்போது அத்தையிடம் சொன்னால் அந்த இரண்டு மணி நேரம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் நாளைக்குப் பதினோரு மரம் போய்விடும்.

சொன்னாள். சுற்றி வளைத்து, பாடப்புத்தகத்தில் தொடங்கி, கடைசியில் கரண்டிக்கு வந்து சேர்ந்தாள்.

அத்தையின் முகம் சுண்டிப்போயிற்று. "என்னாலயா?"

"இல்ல அத்தை. தோலை எப்படி உரிச்சீங்கன்னு நான் கேட்டிருக்கணும். பக்கம் பக்கமா எழுதுறேன், அந்த ஒரு வரியை எழுதல."

அத்தை கரண்டியை மேடையில் வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "எனக்கு அந்தப் பழம்தான் பிடிக்கும், தெரியுமா? இந்த வீட்டுல வேற யாரும் அதைத் தொட மாட்டாங்க."

"அப்போ நேத்து ஏன் எதுவும் சொல்லல?"

"நீ சோதிச்சுச் சொல்லியிருக்கே. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

தன்னையே நம்பாத ஒருத்தியை இவ்வளவு நம்புவார்களா ஒரு வீட்டில்?

மாமா வந்ததும் விஷயம் அவர் காதுக்குப் போனது. "அப்போ அது நல்ல மரமா?" என்றார்.

"தெரியாது மாமா."

"மோசமான மரமா?"

"அதுவும் தெரியாது. வெள்ளையோட சேத்துப் பாத்தாலும் கம்மியா வரலாம். அப்படி வந்தா அதையும் சொல்லுவேன்."

"இதுக்கா இவ்வளவு படிப்பு?" என்று மாமா சிரித்தார். "வெட்டுறவர்கிட்ட என்ன சொல்றது? எங்க வீட்டு விஞ்ஞானி தப்புப் பண்ணிட்டான்னா?"

"சொல்லுங்க. உண்மைதானே."

"ஒண்ணும் வேணாம்," என்றாள் அத்தை. "வீட்டுக்காரி கரண்டியைத் தூக்கிட்டான்னு சொல்லுங்க. கேள்வி கேக்காம போனை வச்சிருவார்."

மாமா அத்தையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "இல்லப்பா, நாளைக்கு வேணாம். அடுத்த வாரம் பாக்கலாம். வேணுமா வேணாமான்னு இன்னும் தெரியல," என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. அத்தை சுரண்டிய தோல்களைத் தனியாக ஒதுக்கினாள். மிச்சமிருந்த ஒரு தொளதொளப்பை உரித்து, சுளைகளைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அவள் கையில் வைத்தாள். அவள் இதுவரை தின்று பார்த்ததில்லை. முதலில் புளித்தது. தித்திப்பு வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

விரலில் சாறு பிசுபிசுக்க, அவள் நோட்டைத் திறந்தாள்.

நாளை, சனி: காலை ஆறு மணிக்குத் தோட்டம். பதினோரு மரத்திலும் மரத்துக்கு இரண்டு பழம் பறிக்க வேண்டும். அத்தை உரிப்பார். வெள்ளையோடு காயவைக்க வேண்டும்.