மெல்லும் வரை இருக்கும் அறை

அந்த வீட்டின் சாப்பாட்டு அறை, யாராவது எதையாவது மென்றுகொண்டிருக்கும் வரைதான் இருக்கும். கடைசி ஆளின் கடைசி வாய் தொண்டையைத் தாண்டியதும் போய்விடும். வாசற்படி இருந்த இடத்தில் வெள்ளையடித்த சுவர் நிற்கும், தட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் "யாரது?" என்று கேட்பார். அந்தத் தெருவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, வாடகை ஏறிக்கொண்டே போனது, கடைசி வீட்டில் அறை வந்து போனது. மூன்றைப் பற்றியும் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. முதல் இரண்டும் பழகிப்போனவை. மூன்றாவது வெளியே தெரிந்தால் தெரு முழுக்க வீட்டு விலை விழுந்துவிடும்.

வீட்டை வாங்கியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிற வேலை. பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்காத ஒரே பெண். வீட்டிலும் வெளியிலும் அவளுக்குப் பாப்பா என்றே பெயர். அவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிய புரோக்கர் உள்ளே நுழைந்ததிலிருந்து வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டே இருந்தார். மற்ற அறைகளை விறுவிறுவென்று காட்டி முடித்துவிட்டு, அந்த அறைக்கு வந்ததும் நிதானமாக நின்று மென்றார். நீளமான மேஜை, இரண்டு ஜன்னல், உச்சி வெயிலிலும் குளுகுளுவென்று காற்று. "இந்த ரூமைப் பாத்தப்புறம் மத்ததையெல்லாம் பாக்கணும்னே தோணாது சார்" என்றார். அது உண்மைதான், மற்ற அறைகளில் பார்க்க ஒன்றுமில்லை. சாவியைக் கையில் கொடுத்த பழைய சொந்தக்காரரிடம் வீட்டை ஏன் விற்கிறீர்கள் என்று மெக்கானிக் கேட்டார். "தனியா சாப்பிடப் பயமா இருக்கு தம்பி" என்றார் அவர். பெண்டாட்டி போன பிறகு ஆண்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

குடிவந்த அன்று காலையில் அறையைக் காணோம். மெக்கானிக் வீட்டை வெளியிலிருந்து அளந்தார், உள்ளிருந்து அளந்தார், பிறகு புரோக்கருக்குப் போன் போட்டுக் கத்தினார். புரோக்கர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், மென்றபடி. கூடத்துக்குள் வந்து நின்றதுதான் தாமதம், சுவர் இருந்த இடத்தில் வாசற்படி, அதற்கப்பால் மேஜை, ஜன்னல், காற்று. "இங்கதானே சார் இருக்கு? கண்ணாடி போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, கிளம்பும் அவசரத்தில் வாயிலிருந்ததை விழுங்கினார். அவர் வாசல் கேட்டைத் தாண்டவில்லை, அதற்குள் சுவர் திரும்பி வந்துவிட்டது. மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனாலும் வீடு வாங்கியவர்கள் வீட்டைவிட்டு ஓடிவிடுவதில்லை. நகைகளை விற்றாயிற்று, பழைய வீட்டைக் காலி செய்தாயிற்று, ஜன்னலுக்கெல்லாம் திரைச்சீலை தைத்தாயிற்று. ஒரு வாரத்தில் அறையின் போக்கு பிடிபட்டுவிட்டது. சுவருக்கு எதிரில் நின்று மென்றால் வரும். வந்த பிறகு உள்ளேயோ வாசற்படியிலோ ஒருவர் மென்றுகொண்டிருந்தால் நிற்கும். பாப்பாவும் இதை விளையாட்டாகக் கற்றுக்கொண்டாள். உள்ளே யாரையாவது வைத்துக்கொண்டே அறை போனால் என்னாகும் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. அதைப் பூனைக்குட்டி தெரியப்படுத்தியது. பாப்பாவின் குட்டி மேஜைக்கடியில் சுருண்டு கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. சாப்பாடு முடிந்து அறை போனதும் மனைவி சமையலறையில் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தபடி திரும்பிவந்தாள். அறையிலிருந்து ஒரு கிழட்டுப் பூனை தள்ளாடி வெளியே வந்து அவள் காலில் முகத்தைத் தேய்த்தது. ஒரு கண்ணில் புரை, மீசையெல்லாம் வெளுப்பு. பாப்பா கட்டிவிட்ட சிவப்பு ரிப்பன் கழுத்தில் சாயம் போய்த் தொங்கியது. பாத்திரம் கழுவும் நேரத்தில் ஒரு பூனையின் ஆயுள் முழுதும் அங்கே கழிந்திருந்தது.

அதோடு அவர்கள் அந்தப் பக்கமே மெல்லுவதை விட்டுவிட்டார்கள். சமையலறையில் நின்றபடி சாப்பிட்டார்கள். கூடத்தைத் தாண்டும்போது வாயை இறுக்க மூடிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் மிட்டாயை வாயில் போடப் போனபோது மனைவி பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டாள். அவர் அப்புறம் வரவேயில்லை. தூக்கத்தில் பாப்பா பல்லை நறநறவென்று கடித்தால் இவள் எழுந்துபோய்ச் சுவரைத் தடவிப் பார்ப்பாள்.

இப்படியே இருந்திருப்பார்கள். தெரு சங்கத்துச் செயலாளர் விடவில்லை. அவர் டைல்ஸ் கடைக்காரர். எதிலும் ஒரு வரிசை, ஒழுங்கு வேண்டும் அவருக்கு. தெருவில் வீடு வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் அவரவர் வீட்டிலேயே ஒரு வேளை விருந்து போடுவது சங்கத்தின் வழக்கம், அதிலும் கடைசி வீட்டு விருந்து என்றால் தெருவே நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். அறையைப் பற்றி மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னதும் அவர் சிரித்தார். "அட, எங்களுக்குத் தெரியாதாம்மா? போன சொந்தக்காரர், அதுக்கு முந்தி இருந்தவர், எல்லார்கிட்டயும் சாப்ட்ருக்கோம். வரிசையா வெளிய அனுப்பறது என் பொறுப்பு. இதுவரைக்கும் ஒரு பிசகு கிடையாது." தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்றார் செயலாளர்.

மனைவி வேண்டாம் என்றாள். மெக்கானிக்குக்குத்தான் சபலம் தட்டியது. காசு கொடுத்து வாங்கிய அறையில் ஒருநாளாவது கால் நீட்டி உட்கார வேண்டும் என்றிருந்தது அவருக்கு. "லிஃப்ட் மட்டும் பயமில்லையா? தினம் எத்தனை பேர் ஏறி எறங்கறாங்க. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குடி" என்றார். வேலையிடத்தில் அவர்கள் வைத்திருந்த முறை இதுதான்: லிஃப்ட் குழிக்குள் இறங்கிய ஒவ்வொருவனும் மேலே ஏறியதும் தன் வாயால் "வெளியே" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் சொல்லக் கூடாது. எல்லாக் குரலும் கேட்ட பிறகுதான் கரண்டைப் போடுவார்கள். இங்கேயும் அப்படியே செய்யலாம், மனைவி வாசற்படியில் நின்று கடைசி வாயை மெல்ல வேண்டும், எல்லாக் குரலும் கேட்ட பிறகு விழுங்க வேண்டும். அவள் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு எச்சில் விழுங்கவே பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தெரு முழுக்க வந்தது. ஆளுக்கொரு பாத்திரம், சமையலறையில் இருந்ததும் சேர்த்து எல்லாம் மேஜைக்குப் போயிற்று: சோறு, கோழிக்கறி, அவித்த முட்டை, ரொட்டி, பழம். சாப்பாடு பிரமாதம். கடைசி மூலையில் உட்கார்ந்த தையல்கார அம்மா, "அறை போனா போகட்டும், கோழியை மட்டும் வெளிய எடுத்துருங்க" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். இதற்கு நடுவில் பாப்பா ஒரு முட்டையைத் தின்று முடித்து, வெயிலுக்கும் கூட்டத்துக்கும் அசந்துபோய், மேஜைக்கடியில் இறங்கி, தொங்கிய விரிப்புக்குப் பின்னால் தூங்கிப்போனாள். கூட்டத்தில் யார் மடியிலோ இருக்கிறாள் என்று அம்மா நினைத்தாள். அம்மாவோடு இருக்கிறாள் என்று அப்பா நினைத்தார்.

சாப்பாடு முடிந்ததும் மனைவி ஒரு துண்டு ரொட்டியை வாயில் அடக்கிக்கொண்டு வாசற்படிக்குப் போனாள். மெக்கானிக் முறையைச் சொல்ல வாயெடுத்தார். செயலாளர் கையமர்த்தினார். தெரு சங்கத்தில் எதையும் வீட்டுக் கணக்கில்தான் எண்ணுவார்கள். ஓட்டு வீட்டுக்கு ஒன்று, சந்தா வீட்டுக்கு ஒன்று. வீட்டுத் தலைவர் கையைத் தூக்கினால் அந்த வீடே கையைத் தூக்கியதாகப் பொருள். அதே பழக்கத்தில் அவர் கூடத்தில் நின்று கணீரென்று ஆரம்பித்தார். முதல் வீடு வெளியே. அடுத்த வீடு வெளியே. பேக்கரிக்காரர் வீடு வெளியே. ஜனங்கள் கைகுலுக்கி, இடித்துக்கொண்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார்கள். கடைசியாக மெக்கானிக் வந்தார். செயலாளர் அவர் தோளில் தட்டினார். "கடைசி வீடு வெளியே! எல்லாரும் வந்தாச்சும்மா, முழுங்கு."

அவள் விழுங்கினாள்.

சுவர் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்புறம் வாசலில் விடைபெறும் பேச்சு. செயலாளர் சாக்கடை அடைப்பைப் பற்றிச் சொன்னார். பேக்கரிக்காரர் இரண்டு முறை போய்விட்டு வருகிறேன் என்றார், போகவில்லை. தையல்கார அம்மா கேட்டில் சாய்ந்துகொண்டு, "பாப்பாவை எந்த ஸ்கூல்ல சேக்கப்போறீங்க? சீக்கிரம் பாருங்க, அப்புறம் எடம் கெடைக்காது" என்றாள். மனைவி சிரித்துக்கொண்டே இரண்டு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள். எது பக்கம், எதில் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்று அலசினார்கள். யாருடைய செருப்போ மாறிப்போய் அதைத் தேடினார்கள். பயம் விட்ட நிம்மதியில் மனைவி வழக்கத்துக்கு அதிகமாகவே பேசினாள். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, படுக்கையில் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள்.

"பாப்பா உங்ககூடத்தானே இருந்தா?"

"உன்கூடன்னு நெனச்சேனே."

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். அப்புறம் யாரும் கத்தவில்லை, கத்த நேரமில்லை. வீட்டில் தின்ன ஒன்றுமே கிடையாது, எல்லாம் மேஜையில் இருந்தது. மெக்கானிக் டப்பாவிலிருந்து பச்சரிசியை அள்ளி வாயில் திணித்துக்கொண்டு வந்து சுவருக்கெதிரே நின்றார். பயத்தில் எச்சில் ஊறவில்லை. அரிசி மணல் மாதிரி வாயில் கிடந்தது, தாடை பூட்டிக்கொண்டது. மனைவி இரண்டு கையாலும் அவர் தாடையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தாள். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. உடைந்ததையும் சேர்த்து அவர் மென்றார். சுவர் விலகியது. "நிறுத்திராதீங்க. என்ன பாத்தாலும் நிறுத்திராதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

பாத்திரங்கள் கழுவித் துடைத்ததுபோல் அடுக்கியிருந்தன. ஒரு பருக்கை இல்லை. மேஜையின் தலைப்பக்கத்தில் விரிப்பை உடம்பில் சுற்றிக்கொண்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். தலை பாதிக்கு மேல் நரை. கன்னத்தில் பாப்பாவின் குழி, அதைச் சுற்றிச் சுருக்கம். பின்னால் அரிசி நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாரும் போயாச்சாம்மா?" என்றாள் அந்தப் பெண்மணி. குரல் முற்றியிருந்தது, பேச்சு இன்னும் மழலை.

"பாப்பா..."

"எல்லாத்தையும் மென்னு பாத்தேன். கதவு வரல. உள்ள இருந்து மென்னா வராதும்மா." எழுந்து வந்து, அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அம்மாவைவிட ஒரு சாண் உயரமாக இருந்தாள். "அழாத. நானும் அழுதேன், ரொம்ப நாள். அப்புறம் முடிஞ்சு போச்சு. வா, அப்பாவுக்கு வாய் வலிக்கும்."

மறுநாள் மனைவி அவளைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிப்போய்த் தானே ரத்தம் எடுத்தாள். ரத்தம் பெற்றவர்களுடையதோடு பொருந்தியது. எலும்பைப் படம் பிடித்த டாக்டர், அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும் என்றார். செயலாளர் ஒருவாரம் கடையைத் திறக்கவில்லை. பிறகு வந்து வாசலில் நின்று, வீட்டுக் கூடத்துக்கு இலவசமாக டைல்ஸ் போட்டுத் தருவதாகச் சொன்னார். மெக்கானிக் அவர் முகத்தில் கதவைச் சாத்தினார். தெருவில் கொஞ்ச நாள் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று குழம்பினார்கள். அக்கா என்றால் அம்மாவுக்கு ஒருமாதிரி இருந்தது, பாப்பா என்றால் சொல்கிற வாய்க்கு ஒருமாதிரி இருந்தது. மழைக்காலம் வருவதற்குள் எல்லோரும் பாப்பா என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள். அவள் முற்றத்தில் மற்ற பிள்ளைகளோடு விளையாடினாள். முழங்கால் வலித்தால் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். இருட்டுக்கு, இடிக்கு, நாய்க்கு எதற்கும் அவள் பயப்படவில்லை. அதையும் சேர்த்து அவள் அம்மாதான் பயந்துகொண்டிருந்தாள். மகளின் தலைக்கு எண்ணெய் தடவும்போதெல்லாம் நரை அதிகமாகியிருக்கிறதா என்று பார்த்தாள், எனக்கு முன்னால் போய்விடுவாயா என்று கேட்க வந்து கேட்காமல் பின்னலைப் போட்டு முடித்தாள்.

ஒருநாள் இருவரும் துணி வாங்க பஸ்ஸில் போனார்கள். கூட்டம். கண்டக்டர் கையை நீட்டியதும் அம்மா வழக்கம்போல, "ஒரு முழு டிக்கெட், ஒரு அரை" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. கண்டக்டர் குனிந்து பார்த்தார். நரைத்த இரட்டைப் பின்னல், இரண்டு நுனியிலும் ரிப்பன், ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

"இவங்களுக்கா?"

"ஆமா. இப்பத்தான் அஞ்சு முடிஞ்சுது."

கண்டக்டர் அரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்து, "டேய், எந்திரி, சின்னப் புள்ள வேடிக்கை பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.