பத்துப் பேர் உட்காரும் மேசை

முந்தின நாள் சாயங்காலம் வெளியே எடுத்து வைத்த பிரஷர் குக்கர், காலையில் அண்ணி பெட்டியைத் திறந்தபோது மறுபடியும் உள்ளே உட்கார்ந்திருந்தது. சும்மா இல்லை. குட்டியின் ஸ்வெட்டரைச் சுற்றிக்கொண்டு, போகிற ஊரின் குளிருக்கு இப்போதே தயாரான மாதிரி உட்கார்ந்திருந்தது.

யார் வேலை என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் இருப்பதே மூன்று பேர். குட்டி அவளுடைய மகள், மூன்றாம் வகுப்பு. தன் பென்சிலையே பைக்குள் எடுத்து வைக்கச் சோம்பல்படுகிறவள் குக்கரைத் தூக்கப் போவதில்லை. மிச்சம் கண்டக்டர்தான்.

கண்டக்டர் அவளுடைய நாத்தனார். இறந்துபோன கணவனின் தங்கை. நகரப் பேருந்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. வேலையில் பழகிய குரல் வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. சமையலறை வாசலில் யாராவது நின்றால், "உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்பாள். அவள் நாள் முழுக்க "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டே தெருவுக்கெல்லாம் இவள் அண்ணி ஆகிவிட்டாள். முனைக்கடைப் பெரியவர், இவளுக்கு அப்பா வயது, அவரும் "வா அண்ணி, என்ன வேணும்?" என்றுதான் கேட்பார்.

குட்டி தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், காய்ச்சல் என்று படுத்த கணவன் எழுந்திருக்கவே இல்லை. வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அவளைப் பிறந்த வீட்டுக்குப் போய்விடச் சொன்னார்கள். கண்டக்டர் மட்டும் அவர்கள் போகிறவரை வாயைத் திறக்கவில்லை. பிறகு, "போறதா இருந்தா போங்க அண்ணி. ஆனா எனக்குத் தனியாச் சமைச்சுத் தனியாச் சாப்பிடத் தெரியாது" என்றாள். அண்ணி போகவில்லை. ஒருத்தி விடியற்காலை டூட்டிக்குப் போனால், இன்னொருத்தி குட்டியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போவாள். கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

அந்தக் கடைக்குத்தான், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், தன் கண்ணாடி மேல் தானே உட்கார்ந்துவிட்டு வந்து நின்றார். சரிசெய்து கொடுத்தாள். மறுநாள் ஸ்க்ரூ லூஸ் என்று வந்தார். அதற்கு மறுநாள் மூக்கில் குத்துகிறது என்றார். வீட்டில் இதைச் சிரிப்பாகச் சொன்னபோது கண்டக்டர் சிரிக்கவில்லை. ஒரு கண்ணாடிக்கு அப்படி எத்தனை ஸ்க்ரூதான் இருக்கும் என்று கேட்டாள். அடுத்த விடுப்பு நாளிலேயே கடைக்குப் போய் அந்த மனிதரை ஓரமாகக் கூப்பிட்டு, கல்யாணம் ஆகாதவர்தானா, குடிப்பாரா, குழந்தையோடு சேர்த்து ஏற்றுக்கொள்வாரா என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வந்தாள். தயங்கித் தயங்கி நின்ற அண்ணியைப் பதிவு அலுவலகம் வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான். சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

புதுக் கணவர் முன்னாலேயே திரும்பிப் போய்விட்டார். இப்போது இவர்களுக்கும் விசா வந்துவிட்டது. ஆளுக்கு இரண்டு பெட்டிதான் கொண்டுவர முடியும், இங்கே எல்லாம் கிடைக்கும், உங்களுக்கு வேண்டும் என்று தோன்றுவதை மட்டும் கொண்டு வாருங்கள் என்று போனில் சொல்லியிருந்தார்.

அண்ணி அதை ரொம்பச் சுலபமாகத் தீர்மானித்துவிட்டாள். உடுத்துகிற துணி, குட்டியின் புத்தகங்கள், சான்றிதழ்கள். அவ்வளவுதான். ஃபிரிட்ஜ், கட்டில், பீரோ, பாத்திரம் பண்டம் எல்லாம் கண்டக்டருக்கு. "வீடு அப்படியே உனக்குத்தான்" என்று சொன்னபோது அவளுக்கே மனசு நிறைந்திருந்தது. நாத்தனார் கண்கலங்குவாள், வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தாள். கண்டக்டர் "ம்" என்றாள். அதோடு எழுந்து போய்க் கைகழுவினாள்.

குட்டியோ தன் பங்குக்குக் குளியலறையின் மஞ்சள் மக்கைப் பெட்டியில் வைத்திருந்தாள். அங்கே மக் இருக்காதாம். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டைக் கொடுப்பதாகச் சொன்ன அன்றிலிருந்துதான் இந்தக் கூத்து. குக்கரைத் தொடர்ந்து பெட்ஷீட் வந்தது. இறந்தவரின் சட்டைகள் இஸ்திரி போட்டு மடிக்கப்பட்டு வந்தன. அண்ணி எடுத்து வைப்பாள்; அவள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவை பெட்டிக்குள் திரும்பியிருக்கும். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் குட்டியின் சான்றிதழ்களுக்கு அடியில் கனமாக ஏதோ தட்டுப்பட, எடுத்துப் பார்த்தால் அவளுடைய முதல் கல்யாண ஆல்பம். அவளுக்குச் சுருக்கென்றது.

ஆல்பத்தைக் கொண்டுபோய் மேசை மேல் போட்டாள்.

அந்த மேசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூடிப்போன ஒரு ஹோட்டலில் மலிவாகக் கிடைத்தது என்று கணவன் வாங்கி வந்தது. பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால் வாசல் கதவில் நுழையவில்லை. அவன் அசரவில்லை; முன்னறை ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து எடுத்து, தெருக்காரர்களைக் கூட்டி, அந்த வழியாக உள்ளே இறக்கினான். வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. சொந்தபந்தம் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடணும் என்பது அவன் ஆசை. சொந்தபந்தம் வரவில்லை. ஒரு முனையில் இவர்கள் சாப்பிட்டார்கள், நடுவில் குட்டி வீட்டுப்பாடம் எழுதினாள், மறுமுனையில் துணி இஸ்திரி ஆனது. இத்தனை வருஷமும் அப்படித்தான்.

யூனிஃபாரம்கூட மாற்றாமல் டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர், ஆல்பத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன நினைச்சிட்டிருக்க நீ? அந்த மனுஷன் வீட்டுல போய் இதை நான் எங்க வைக்கிறது?" என்றாள் அண்ணி.

"பீரோவுல வைங்க."

"உங்க அண்ணனை நான் மறந்துடுவேன்னு உனக்குப் பயமா? அதுக்குத்தான் தினம் தினம் இதெல்லாம் கொண்டுவந்து திணிக்கிறியா?"

கண்டக்டர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பேசத் தொடங்கியபோது அவளுடைய வழக்கமான குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நீங்க மறக்க மாட்டீங்க, அது எனக்குத் தெரியும். நான் என்னை நினைச்சுத்தான் பண்ணினேன். நீங்க போனதுக்கு அப்புறம் டூட்டி முடிச்சு வந்து கதவைத் திறந்தா, குக்கர் இருக்கும், கட்டில் இருக்கும், அண்ணன் சட்டை இருக்கும். நீங்க ரெண்டு பேர் மட்டும் இருக்க மாட்டீங்க. பத்துப் பேர் உக்கார்ற மேசையில நான் ஒருத்தி உக்காந்து சாப்பிடணுமா அண்ணி?"

அண்ணி ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வீட்டை எனக்குக் குடுத்துட்டுப் போறதா நினைக்கிறீங்க. உங்களால தூக்கிப் போட முடியாததை எல்லாம் என் தலையில கட்டிட்டுப் போறீங்க. டிப்போ பக்கத்துல ஒரு ரூம் பேசியிருக்கேன். ஒரு கட்டில் போட்டா ரூம் நிறைஞ்சிடும். எனக்கு அது போதும்."

இதைச் சொல்லிவிட்டு அவள் எழுந்து போய் முகம் கழுவினாள். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் கடையில் அண்ணிக்கு வேலையே ஓடவில்லை. லென்ஸ் ஒன்று ஓரத்தில் பிசிறிவிட்டது. இன்னொன்றை இடவலம் மாற்றிப் பொருத்திவிட்டாள். முதலில் கோபம்தான் மிஞ்சியிருந்தது. ரூம் பேசியதைக்கூடச் சொல்லவில்லையே என்று. அப்புறம், மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது, அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று உறைத்தது. கணவனின் சட்டைகளை யாருக்காவது கொடுக்க மனசு வரவில்லை. கொண்டுபோகத் தைரியம் இல்லை. அப்படியே விட்டுவிட்டுப் போவதுதான் எளிது. அதற்குத் தாராள மனசு என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புதுக் கணவரைப் போனில் கூப்பிட்டாள். ஆல்பத்தைப் பற்றிச் சொல்ல நினைத்தே இராதவள், எப்படியோ அதில்தான் ஆரம்பித்தாள். அவர் எந்த ஆல்பம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, குழந்தைக்கு அப்பா முகம் தெரிய வேண்டாமா, கொண்டு வா என்றார். ஹாலில் வைப்பதா உள்ளே வைப்பதா என்பதை வந்த பிறகு நீயே பார்த்துக்கொள் என்றார். பேச்சை மாற்றுவதற்காக மேசைக் கதையைச் சொன்னாள். ஜன்னலைப் பெயர்த்த கதையை அவர் உன்னிப்பாகக் கேட்டார்.

"காலைக் கழட்டிப் பாத்தீங்களா?" என்றார்.

"யார் காலை?"

"மேசைக் காலை. ஹோட்டல் மேசைன்னா பெரும்பாலும் போல்ட் போட்டுத்தான் இருக்கும். அடியில பாரு."

சாயங்காலம் கண்டக்டர் வந்ததும் அண்ணி அவள் கையில் டார்ச் லைட்டைக் கொடுத்தாள். இரண்டு பேரும் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்தார்கள். பின்னாலேயே குட்டியும் நுழைந்தாள். வருஷக்கணக்கான பெயிண்டும் ஒட்டடையும் அப்பியிருந்த மூலைகளைக் கண்டக்டர் நகத்தால் சுரண்டினாள். ஒவ்வொரு காலிலும் பெரிய பெரிய போல்ட்.

"பாவி" என்றாள் கண்டக்டர். "இதுக்குப் போய் ஜன்னலைப் பேத்தானே."

"வீட்டுக்காரர்கிட்ட எவ்வளவு ஏச்சு வாங்கினாரு தெரியுமா?" என்றாள் அண்ணி. "சிமெண்ட் பூசறதுக்கு ஆள் கிடைக்காம மழையில நனைஞ்சுக்கிட்டு தானே பூசினாரு."

"பூசினான், கோணலா. இப்பவும் அந்த ஜன்னல் சாத்துதா?"

அண்ணிக்கு முதலில் மூக்கு வழியாகத்தான் சிரிப்பு வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. கண்டக்டருக்கு வயிறு வலித்தது. அப்பா ஏன் ஜன்னலைப் பெயர்த்தார் என்று குட்டி திரும்பத் திரும்பக் கேட்க, அவசரக்காரன், அவசரக்காரன் என்று மட்டும் கண்டக்டரால் சொல்ல முடிந்தது. இத்தனை வருஷத்தில் அவர்கள் அவனைப் பற்றிப் பேசியதெல்லாம் தணிந்த குரலில், நல்லதாக மட்டுமே. அவன் செய்த மடத்தனத்துக்காக இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்தபோது இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். துடைத்துக்கொள்ளாமல் அங்கேயே படுத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. எதையும் சும்மா விட்டுவிட்டுப் போவதில்லை என்று ஒப்பந்தம். ஒவ்வொரு சாமானையும் இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தார்கள். கட்டில், கண்ணாடிக் கடையில் கூட வேலை செய்யும் பெண்ணுக்கு. அவளுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது. ஃபிரிட்ஜ் மாடி வீட்டுக்கு. பீரோவும் பெட்ஷீட்டுகளும் இன்னும் யார் யாருக்கோ. குக்கரைக் கண்டக்டரே வைத்துக்கொண்டாள். ரூமில் ஒரு கட்டிலும் சின்ன அடுப்பும் உண்டாம். சட்டைகளில் ஒன்றை அண்ணி எடுத்துக்கொண்டாள். நீயும் ஒன்று எடுத்துக்கொள் என்றதற்கு, அவன் சட்டையைக் கல்யாணத்துக்கு முன்னால் நிறையத் துவைத்தாகிவிட்டது, போதும் என்று கண்டக்டர் கைவிரித்தாள். மிச்சச் சட்டைகளும் வேறு கைக்குப் போயின. ஆல்பத்தில் மட்டும் சண்டை வந்தது. கடைசியில் அண்ணன் தனியாக நிற்கும் படங்கள் தங்கைக்கு, மிச்சம் குட்டிக்கு என்று முடிந்தது. மக்கை வெளியே எடுக்க இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. அதற்குள் சாக்ஸை அடைத்தார்கள்.

மேசையை வாங்கிக்கொள்ள டிப்போவிலிருந்து டிரைவர்கள் வந்தார்கள். ஓய்வறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிற கூட்டம் அது. கால்களைக் கழற்றியதும் பலகை ஒருக்களித்துக் கதவு வழியாகச் சாவகாசமாக வெளியே போயிற்று. கண்டக்டர் வாசலில் நின்று, ரைட், ரைட், நிறுத்து, கொஞ்சம் பின்னால என்று விசில் ஊதாத குறையாகக் கத்திக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பும்போது மட்டும் பலகையை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள்.

அன்றைக்கே தானும் ரூமுக்குப் போய்விடப் போவதாகச் சொன்னாள். அண்ணி திகைத்துப்போனாள். விமானத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. உங்களை ஏற்றிவிட்டு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து பூட்ட என்னால் முடியாது, நீங்களே பூட்டிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள் கண்டக்டர். சொன்னபடியே ஒரு பையும் குக்கருமாகப் போனாள். அண்ணியும் குட்டியும் பஸ் நிறுத்தம் வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்கள்.

கதவைத் திறந்தால் வெறும் வீடு. நின்றுகொண்டிருந்த பெட்டிகளும் சுருட்டி வைத்த பாயும்தான். குட்டி ஒரு தடவை கத்திப் பார்த்தாள். குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. குஷியாகி மறுபடி கத்தினாள். மூன்றாம் தடவை கத்தவில்லை. அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. முனைக்கடையில் யாரோ யாரையோ அதட்டுகிற சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. பட்டப்பகல்தான். இருந்தும் அண்ணி குட்டியைத் தன்னோடு இழுத்து அணைத்துக்கொண்டாள். நாலு சுவரும் ஒரு பாயும் இருக்கிற வீட்டிலேயே இப்படி என்றால், எல்லாச் சாமானும் அதனதன் இடத்தில் இருக்கிற வீட்டில் கண்டக்டருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

"அம்மா, அத்தை ரூமுக்குப் போலாமா?" என்றாள் குட்டி.

"சின்ன ரூம்டி. படுக்க இடம் இருக்காது."

"உக்காந்துக்கலாம்."

அண்ணி எழுந்தாள். சாத்துகிற ஜன்னல்களைச் சாத்தினாள். வீட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். முனைக்கடைப் பெரியவர் ஒரு வாடகை வண்டி பிடித்துத் தந்தார்; அவரே பெட்டிகளை ஏற்றவும் கைகொடுத்தார்.

டிப்போ பக்கத்துச் சந்தில் மாடிப்படி குறுகலாக இருந்தது. பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு மேலே போய்க் கதவைத் தட்டினார்கள். கண்டக்டர் கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. பெட்டிகளைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், குட்டியைப் பார்த்தாள்.

"ஃபிளைட் வரைக்கும் இங்கதான்" என்றாள் அண்ணி. "நாங்க கீழ படுத்துக்கறோம்."

கண்டக்டர் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அண்ணிக்குத் தலையசைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தூக்கிச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தார்கள். அப்புறம் மூன்று பேரும் படுக்க இடம் சரியாக இருந்தது.