இதில் யார் பேசவே இல்லை?

டீச்சருக்கு வாய்தான் எதிரி. பாடப்புத்தகத்தை ஒப்பித்துவிட்டுப் போகாமல், "வீட்டுல இருக்கிற பழைய காகிதம் ஒண்ணு கொண்டு வாங்க, வரலாறுன்னா என்னன்னு காட்டறேன்" என்று ஏழாம் வகுப்பிடம் சொல்லிவைத்தார். கரும்பலகையில் மூன்று கேள்விகளையும் எழுதிப் போட்டார். யார் எழுதியது? யார் படிப்பதற்காக? இதில் யார் பேசவே இல்லை?

பிள்ளைகள் கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது என்று கொண்டுவந்தார்கள். வக்கீல் மட்டும் பையைத் திறக்கவில்லை. குறுக்குக் கேள்வி கேட்டே அந்தப் பட்டப்பெயரை வாங்கியவள் அவள். மணி அடித்து எல்லோரும் போனபின், நான்காக மடித்த கடிதத்தை மேசையில் வைத்தாள்.

'குழந்தை உங்களோடே இருக்கட்டும். எனக்கு வேண்டாம். என்னைத் தேடாதீர்கள்.' கீழே அவள் அம்மாவின் பெயர்.

"அம்மா போனப்ப எழுதி வெச்சது டீச்சர். நான் அம்மாவப் பத்திக் கேட்டா அப்பா இதத்தான் எடுத்துக் காட்டுவாரு." மேசை டிராயரைப் பார்த்தாள். "அப்பா எழுதின லீவ் லெட்டர் உங்க டிராயர்ல இருக்குமே. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கலாமா? ஒரே காகிதத்த நம்பக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

டீச்சர் எடுத்து வைத்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் புத்தி அப்போது வரவில்லை. 'குழந்தைக்குக் காய்ச்சல்' என்றது லீவ் லெட்டர். இரண்டிலும் 'குழந்தை' என்ற சொல்லில் 'ழ'வின் வால் ஒரே மாதிரி கீழ்வரிவரை இறங்கிச் சுழித்திருந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

ஜன்னலுக்கு வெளியே, வாசலில் அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். தினமும் இவளுக்குத் தலைவாரி, சாப்பாடு கட்டி அனுப்புகிற மனிதர். உள்ளதைச் சொன்னால் இந்தப் பெண் இன்றைக்கு யார் கையால் சாப்பிடுவாள்? அம்மா எங்கே என்று கேட்டால் என்ன பதில் இருக்கிறது? பாழாய்ப்போன அந்த மூன்று கேள்விகளை அழித்துவிடலாம் போலிருந்தது அவருக்கு.

"அம்மாதான் எழுதினாங்களா டீச்சர்?"

"எனக்குச் சொல்லத் தெரியலம்மா. கையெழுத்துன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்."

வக்கீல் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அப்படி அவள் விட்டது அதுதான் முதல் முறை. நோட்டில் ஏதோ எழுதி, திருத்துவதற்கு வைத்துவிட்டு, கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

டீச்சர் நோட்டைத் திறந்தார். முதல் இரண்டு கேள்விகளுக்கு நேரே வெறும் இடம் விட்டிருந்தது. மூன்றாவதற்கு மட்டும் பதில் இருந்தது.

'அம்மா. டீச்சர்.'