மாமியார் சொன்ன சாட்சி

எல்லைப் போருக்கு முரசடிக்கப் போனவன் காய்ச்சலில் இறந்துபோனான். அவனுடைய சம்பளம் மட்டும் அரசாங்கக் கஜானாவிலேயே தங்கிவிட்டது. அவன் மனைவி சலவைக்கூடத்தில் அதிகாரிகளின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் அம்மாவுக்கும் அங்கேதான் துணி அலசும் வேலை. இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

சம்பள அலுவலகத்துக்கு மருமகள் நடையாய் நடந்தாள்.

"கல்யாணம் ஆனதுக்கு என்னம்மா அத்தாட்சி?" என்றார் கணக்கர்.

கல்யாணம் படை முகாமில் நடந்தது. சாட்சியாக நின்ற சிப்பாய்கள் யாரும் திரும்பி வரவில்லை.

"அப்போ சொந்தக்காரங்க யாரையாவது கூட்டிட்டு வா."

இருந்த ஒரே சொந்தம் மாமியார்தான். மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். முன்னும் பின்னும் அவளைப் போலவே கணவனைப் போரில் தொலைத்த பெண்கள்.

கணக்கர் மாமியாரை மேலும் கீழும் பார்த்தார். "போன வாரம் ஒருத்தி வாடகைக்கு மாமியார் பிடிச்சிட்டு வந்தா. உங்களை எப்படி நம்பறது? சரி, உங்க மருமக எப்படிப்பட்டவ? சொல்லுங்க பார்ப்போம்."

கேட்டிருக்கவே கூடாது.

"அதை ஏன் கேக்கறீங்க ஐயா! உலை பொங்கி அடுப்பே அணைஞ்சாலும் வாசல்ல நின்னு வாயடிச்சிட்டிருப்பா. என் புள்ள சட்டையில ஒரு பொத்தான் உருப்படியா தைச்சிருப்பாளா?"

"பொத்தானைப் பத்தி நீங்க பேசாதீங்க அத்தை! கல்யாணத்துக்கே அறுந்த பொத்தானோடதான் வந்தாரு. யார் வளர்த்த லட்சணம்?"

"பார்த்தீங்களா! ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்றா!"

"அவரோட குறட்டையும் உங்க சீதனம்தானே!"

வரிசை இரண்டு கட்சியாகப் பிரிந்து சிரித்தது.

"அவன் குறட்டை விட்டா இவ மூக்கைப் பிடிப்பா ஐயா! புள்ள மூச்சுமுட்டிச் சா..."

மாமியார் சட்டென்று நிறுத்தினாள். மருமகள் மெல்ல அவள் கையைப் பிடித்தாள்.

"எழுந்து சிரிப்பாரு, அத்தை."

"ஆமாண்டி. சிரிப்பான்."

கணக்கர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். "வாடகை மாமியாருக்கு இவ்வளவு வாய் வராது. அடுத்தது யாரு?"

மறுநாள் சம்பள அலுவலகம் முழுக்க மாமியார்கள்! சந்தை இரைச்சல் தோற்றது. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் முத்திரை குத்தித் தள்ளினார் கணக்கர்.

முத்திரை விழுந்த அன்றே கிடைத்த பண முடிப்பை நீ வை, நீங்க வையுங்க என்று வீதி நெடுக ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிட்டபடி மாமியாரும் மருமகளும் வீடு வந்திருந்தார்கள். பிறகு ஆற்றோரத்தில் காலியாகக் கிடந்த ஒரு குதிரை லாயத்தை வாடகைக்கு எடுத்து, சொந்தமாகச் சலவைக்கடை வைத்தார்கள். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் சாண வாடை போகவில்லை.

"இதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லுங்களேன்" என்றாள் மருமகள்.

"பின்னே?" என்ற மாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.