வாக்காளர் பட்டியலில் மாப்பிள்ளை

லிஃப்ட் மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பியது ஓட்டுப் போடத்தான். இந்தத் தெருவில் அவனுக்கு இதுதான் முதல் ஓட்டு. கல்யாணமான கையோடு மாமியார் வீட்டில் குடியேறியவன் அவன். தெரு சும்மா விடுமா? "என்ன வீட்டோட மாப்பிள்ளை, மாமியார் வெளிய விட்டாங்களா?" என்று பேக்கரிக்காரர் கேட்காத நாள் கிடையாது. பன் வாங்கினாலும் கேட்பார், வாங்காவிட்டாலும் கேட்பார். இவனும் பல்லைக் காட்டிவிட்டு வந்துவிடுவான். உள்ளுக்குள் மட்டும் சுருக்கென்று தைக்கும். நானும் இந்தத் தெரு ஆள்தான் என்று ஒரு தடவை, நாலு பேர் கேட்கிற மாதிரி, யாராவது என் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும் என்று ஏங்கிப் போயிருந்தான்.

பள்ளிக்கூட வகுப்பறைதான் வாக்குச்சாவடி. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அவனுக்குப் பின்னால் யார் நிற்க வேண்டும்? சாட்சாத் பேக்கரிக்காரரேதான்!

பட்டியல் வைத்திருந்தவர் அவன் சொன்ன பெயரைத் தேடினார். பக்கத்தைப் புரட்டினார், திரும்பப் புரட்டினார்.

"இந்தப் பேர்ல யாரும் இல்லையே சார். வீட்டு நம்பர் சொல்லுங்க."

சொன்னான்.

"இந்த வீட்டுல முதல்ல ஒரு ஆம்பளை, அப்புறம் ரெண்டு பொம்பளைங்க. வயசெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஆம்பளை பேரு..." அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "மாப்பிள்ளைன்னு போட்டிருக்கு."

அவ்வளவுதான், வரிசையே குலுங்கியது.

"மாப்பிள்ளை வந்தாச்சு, பொண்ணு எங்கப்பா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் மட்டுமா சொல்றேன், இப்ப கவர்மெண்டே சொல்லிடுச்சு பாரு!" என்று பேக்கரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் எழுந்து வந்தார். கறாரான அம்மாள்.

"மாப்பிள்ளைங்கிறது பேரா, உறவா?"

"உறவுதான் மேடம்."

"உறவெல்லாம் வந்து ஓட்டுப் போட முடியாது சார். அந்த ஆள் நீங்கதான்னு இதே பட்டியல்ல இருக்கிற ஒருத்தர் உங்க பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா நீங்க கிளம்ப வேண்டியதுதான்."

அவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. மனைவி விடியற்காலையிலேயே ஓட்டைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள். மிச்சம் இருப்பது மாமியார். அவரோ கல்யாணத்தன்று முதல் மாப்பிள்ளை என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி இவனைக் கூப்பிட்டதில்லை. என் பேராவது அவங்களுக்குத் தெரியுமா என்று சந்தேகம் வந்தது. ஓட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பேசாமல் வீட்டுக்கே போய்விடலாமா என்று நினைத்தான்.

அதற்குள் பெண்கள் வரிசையிலிருந்து மாமியாரே வந்து நின்றார். தையற்கடையிலிருந்து நேராக வந்தவர், அளவு டேப்பைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

"எங்க மாப்பிள்ளையை எதுக்கு மேடம் நிக்க வெச்சிருக்கீங்க?"

"இவர் பேர் என்னம்மா?"

"மாப்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிறகு சொன்னார் பாருங்கள்! இனிஷியலோடு, முழுப் பெயரை, வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி. சொன்னதோடு விட்டாரா? "அதுல வர்றது பெரிய ற. எல்லாரும் தப்பாவே எழுதுவாங்க, நீங்களாவது சரியா எழுதுங்க. பேர் தெரியாமலா பொண்ணைக் குடுத்தேன்?"

"அப்புறம் ஏம்மா பட்டியல்ல மாப்பிள்ளைன்னு வந்துச்சு?"

"ஓட்டர் லிஸ்டுக்குக் கணக்கெடுக்க வந்தவரு, வீட்டுக்குப் பெரியவங்க பேரை முதல்ல எழுதணும், யாரு பெரியவங்கன்னு கேட்டாரு. நான் தையல் மிஷின்ல உக்காந்திருந்தேன். 'மாப்பிள்ளை பேரை எழுதுங்க'ன்னு அங்கேருந்தே சொன்னேன். மனுஷன் அப்படியே எழுதிட்டுப் போயிட்டாரு!"

அதிகாரியம்மாளுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வீடு உங்க பேர்லதானேக்கா இருக்கு?" என்று பேக்கரிக்காரர் இழுத்தார்.

"வரி ரசீது என் பேர்ல இருக்கு. அதுக்காக? வீட்டுக்கு அவருதான் பெரியவரு. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

பேக்கரிக்காரர் சட்டைப்பையில் தன் வாக்காளர் அட்டையைத் தேட ஆரம்பித்தார். மாமியார் கையெழுத்துப் போட்டார். அலுவலர் அவன் பெயரை உரக்கப் படித்தார். விரலில் மை வைத்தார்கள். மறைப்புக்குப் பின்னால் போய் நின்றவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கி, யாருக்கு எந்தச் சின்னம் என்றே தெரியவில்லை.

"சார், உள்ள என்ன பண்றீங்க?"

"இதோ ஆச்சு மேடம்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகப் பார்த்து, ஓட்டைப் போட்டான்.

வெளியே வரும்போது அலுவலர் பெயர் திருத்துகிற விண்ணப்பத்தை நீட்டினார். அவன் பேனாவைத் திறந்தான். எழுதாமல் நின்றான்.

"மேடம், பேரைத் திருத்தினா வரிசை மாறிடுமா?"

"எந்த வரிசை?"

"வீட்டுல முதல்ல என் பேர் இருக்கே, அது."

"மாறாது சார். முதல்லதான் இருப்பீங்க."

"அப்ப சரி" என்று எழுத ஆரம்பித்தான்.