உஸ்தீன்யாவின் பெயர்மேல் ஒரு கோடு

…ஒரு ஊசி போட்டால் வலி தெரியாது என்றுதான் அன்றைக்கும் சொன்னார், இதே க்ளெப் மத்வேயெவிச்தான், அப்போது பயிற்சியாளர், தலையில் முடி இருந்தது, அவளுக்குப் பதினாறு வயது, வலது பாதத்தில் எலும்பு விரிசல் விட்டிருந்தது, மரத்துப்போன காலோடு அந்த ஒரு சாண்கூட அகலமில்லாத ஜிம்னாஸ்டிக்ஸ் கட்டைமேல் எப்படித்தான் ஏறினாளோ, கரணம் போட்டு இறங்கியபோது காலுக்குள் ஏதோ நொறுங்கிய சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது, தங்கம் கிடைத்தது, உலகச் சாம்பியன் ரிம்மா ஸவேல்யெவ்னா, முப்பத்து நான்கு வருடமாக மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்குகிறவள். இன்று அவர் தேர்வுக்குழுத் தலைவர், அவள் பயிற்சியாளர், வெளியே பெஞ்சில் அவளுடைய மாணவி உஸ்தீன்யா, கணுக்கால் புளித்த மாவாய் உப்பியிருக்கிறது, இன்னும் அரை மணியில் அவள் முறை.

“பொண்ணே ஆடறேங்கறா. உனக்கென்ன வந்துச்சு?”

“அவளுக்குப் பதினஞ்சு வயசு. மாடியிலேர்ந்து குதின்னாலும் குதிப்பா.”

“நீ குதிக்கலையா? அதனாலதான் இன்னைக்கு ஆளாயிருக்க. பட்டியல்ல அவ பேரை அடிச்சுட்டா நாளையிலேர்ந்து இந்தக் கூடத்துல உன் கால் படாது, பாத்துக்க.”

படாவிட்டால் போகட்டும், இந்தக் காலை வைத்துக்கொண்டு இனி எங்கே படாவிட்டால் என்ன, வொரோனெஷ் நகரத்தில் பள்ளிக்கூடமா இல்லை, வாண்டுகளுக்குக் கரணம் சொல்லிக்கொடுத்தால் கஞ்சிக்கும் தேநீருக்கும் வராதா… பட்டியலை அவர் கைக்கடியிலிருந்து உருவினாள், தாள் கிழியக் கோடு போட்டாள், பக்கத்தில் கையெழுத்து. “நான்தான் அடிச்சேன். யார் கேட்டாலும் சொல்லுங்க.”

வெளியே வந்து சொன்னபோது உஸ்தீன்யா அழவில்லை, அழுதிருந்தால் தேவலை.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேக்கல.”

“அன்னைக்கு உங்களை யாராவது இப்படி நிறுத்தியிருந்தா சும்மா விட்டிருப்பீங்களா, ரிம்மா ஸவேல்யெவ்னா?”

விட்டிருக்க மாட்டாள், சாகிறவரை மன்னித்திருக்க மாட்டாள். “வெறுத்துக்கோ. ரெண்டு காலாலயும் நல்லா நடந்து வந்து வெறு,” என்று தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக் கட்டுப்போடத் தொடங்கினாள்… கேட்கவில்லைதான், க்ளெப்பும் அவளைக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் ஆடுகிறேன் என்றுதான் சொல்லியிருப்பாள், இவளும் அதையேதான் சொல்வாள், அப்படியானால் அவருக்கும் தனக்கும் நடுவில் என்ன வேறுபாடு? இருக்கிறது, இருந்தாக வேண்டும், இன்றைக்குத் தெரியாவிட்டாலும்.